ஸ்காபரோ கடற்கரையில் நான் சொன்ன ஒரு சொல்

அன்புள்ள மகள்,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எடுத்தேன். நீ கலியாணச் சேலையின் கரை எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாய், நான் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நான் இடையில் உடைந்துபோவேன், நீயும் "பரவாயில்லை அப்பா, விடுங்கோ" என்று என்னைத் தடுத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உன்னால் என் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இது நீ விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. முழுதாக வாசித்துவிட்டு என்னைத் திட்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன கோடையில் கனடாவிலிருந்து உன்னிடம் லீட்சுக்கு வந்திருந்தபோது, நீயும் நேதனும் என்னை இங்கிலாந்தின் ஸ்காபரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அந்த நாளைப் பற்றித்தான். நீ அதை நல்ல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடலைப் பார்த்தபடி நான் தொப்பியோடு நிற்கும் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்றும் சொன்னாய். அந்தப் படம் எடுத்துக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நேதனுக்குத் தெரியும். அவர் இன்றுவரை உனக்குச் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் நிழலில் நான் இத்தனை மாதங்கள் வசதியாக இருந்துவிட்டேன்.

நீ முதன்முதலில் நேதனைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன். அம்மாதான் போனை எடுத்தாள். நீ நேதன் என்று சொன்னது அவளுக்கு நாதன் என்று கேட்டது. முகமெல்லாம் மலர்ந்து, "நாதன் தம்பி எந்த ஊர் ஆள், பிள்ளை?" என்று கேட்டாள். நீ பர்மிங்காம் என்றாய். "அது இப்ப இருக்கிற இடம். ஊர் எது?" என்று அவள் விடவில்லை. பிறகு நீ படத்தை அனுப்பினாய். ஜமேக்காவிலிருந்து வந்தவர்களின் பேரன், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், உயரமான கறுப்பினப் பொடியன். அம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "சிரிப்பு நல்லாயிருக்கு" என்றாள். நான் எழுந்து போய் வெளியே பனி தள்ளினேன். தள்ளுவதற்கு அன்று பெரிதாகப் பனியும் இருக்கவில்லை.

எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுதமாட்டேன், உனக்கே தெரியும். டாக்சி ஓடிய காலத்தில், மற்ற டாக்சிக்காரர்களோடு நின்று தேத்தண்ணி குடிக்கும்போது நானும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாஷையும் குளிரும் பிடிபடாமல், என்னையே இந்த நாட்டில் ஒருவரும் மதிக்காத காலம் அது. இருந்தும் எனக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ள நான் தவறவில்லை. இரண்டு வருஷமாக அம்மா உங்கள் விஷயத்தை ஆட்களுக்குச் சொல்லுவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் ஆளை நேரில பாத்திட்டுச் சொல்லுறன்" என்று நான் இழுத்தடித்தேன். நீயும் என்னை அவசரப்படுத்தவில்லை. அப்பா தானாகச் சொல்லும்வரை எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் வாய் திறப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றினாய்.

அதனால்தான் வந்தேன். அம்மாவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் முடிந்திருந்ததால் தனியாகத்தான் வந்தேன். ஸ்காபரோவுக்குப் போகும் யோசனை நேதனுடையது என்று நீ பிறகு சொன்னாய். "அங்கிள் முப்பது வருஷமா கனடா ஸ்காபரோவில இருக்கிறார், அந்தப் பேருக்குச் சொந்தமான ஊரை அவருக்குக் காட்டவேணும்" என்று அவர் சொன்னாராம். காலையில் லீட்சிலிருந்து அவருடைய காரில் புறப்பட்டோம். என் முழங்காலுக்கு வசதியாக முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். யோர்க் தாண்டி, வயல்களுக்கு நடுவே போய், ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கடல் தெரிந்தது. குன்றின் மேல் இடிந்த கோட்டை, கீழே துறைமுகம், வளைந்த மணற்கரை, சரிவு முழுக்கச் சிவப்புக் கூரைகள். கனடாவில் ரூஜ் வீட்டிலிருந்து ஏரிக்கரைப் பாறைகளைப் பார்க்கப் போவோமே, அந்த நினைவு வந்தது. ஆனால் இது கடல், உப்பு மணக்கிற கடல். நான் வாய்விட்டு, "எல்லாம் சரி, இந்த ஸ்காபரோவில கொத்துரொட்டிக் கடை எங்கை?" என்று தமிழில் கேட்டேன். நீ சிரித்தாய். நேதனும் சிரித்தார். நீ சிரித்ததால் அவரும் சிரிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று மத்தியானம்வரை நான் சந்தோஷமாக இருந்தேன், மகள். அதையும் எழுதவேண்டும். சரிவில் இறங்கி ஏறும் சின்ன ரயில் பெட்டியில் நேதன் என் கையைப் பிடித்து ஏற்றினார். மணலில் பிள்ளைகள் கழுதைச் சவாரி போனார்கள். அந்தக் குளிரிலும் வெள்ளைக்காரக் கிழவர்கள் சாய்வுத் துணிக்கதிரையில் கால்நீட்டி, அதைக் கோடை என்று சொல்லிக்கொண்டு கிடந்தார்கள். காசு தள்ளும் இயந்திரக் கூடத்துக்குள் நீ என்னை இழுத்துப் போனாய். நான் கையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் தோற்றேன். காற்று காதைக் கிழித்தபோது நேதன் ஓடிப்போய் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிவந்து என் தலையில் தானே போட்டுவிட்டார். சுவரில் நீ மாட்டிய படத்தில் இருப்பது அந்தத் தொப்பிதான். அப்போது என் மனதில் வந்தது என்ன தெரியுமா? 'இந்தப் பொடியன் எங்கட பொடியனா இருந்திருக்கக்கூடாதோ' என்பதுதான். நல்ல மனிதர் என்று தெரிந்துகொண்ட அதே நேரத்திலும் 'எங்கட' என்ற வேலிக்கு அப்பால்தான் அவரை நிறுத்தினேன்.

பிறகு நீ மீனும் சிப்சும் வாங்க வரிசையில் போய் நின்றாய். நீண்ட வரிசை. நானும் நேதனும் கடலைப் பார்த்தபடி ஒரு நீள மர வாங்கில் இருந்தோம். என்னுடைய ஜாக்கெட்டும் பையும் அவர் மடியில் இருந்தன. அவர் ஏதோ சொல்ல வருகிறவர்போலத் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பின்னாலிருந்து, "அண்ணை! இதென்ன, நீங்கள் எங்கை இஞ்சை?" என்று ஒரு குரல் கேட்டது.

கனடாவில் எங்கள் பக்கம் மில்லிக்கனில் இருக்கிற சிவநேசன், பக்கத்தில் அவருடைய மனைவி மலர். லண்டனில் அக்கா வீட்டுக்கு வந்தவர்கள், பஸ் சுற்றுலாவில் அங்கே வந்திறங்கியிருந்தார்கள். சிவநேசனை உனக்குத் தெரியும். எங்கள் கோயில் திருவிழாவிலும் கலியாண வீடுகளிலும் அவர் இல்லாத இடமில்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது ஸ்டீல்ஸ் வீதி நெடுகத் தெரிந்த மாதிரி. "மகளிட்டை வந்தனான். அவ சாப்பாடு வாங்க நிக்கிறா" என்றேன். அவருடைய பார்வை நேதனில் நின்றது. மடியில் இருந்த என் ஜாக்கெட்டையும் பார்த்தார்.

"இவர் ஆர் அண்ணை?"

மகள், பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். பதற்றத்தில் வாய் தவறி வந்த சொல் இல்லை அது. என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மகளின் சிநேகிதர் என்றால் மேலும் கேள்வி வரும் என்று நினைத்தேன். கேள்வி வராத சொல்லாகத் தேடி எடுத்தேன்.

"ட்ரைவர். தூரமெல்லோ, ஆளோடை கார் எடுத்தனாங்கள்" என்றேன்.

சிவநேசன் "ஆ" என்று சொல்லிவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு நேதன் அந்த வாங்கின் ஒரு பலகைதான். நேதன் மெதுவாக எழுந்தார். என் ஜாக்கெட்டை ஒழுங்காக மடித்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். ஆங்கிலத்தில், "நான் போய்க் காரைக் கொண்டுவருகிறேன், சேர்" என்றார். அதுவரை அவர் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார். அந்தச் 'சேர்' என் காதில் விழுந்தது, ஆனால் தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ட்ரைவர் என்பது ஆங்கிலச் சொல் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சிவநேசனும் மலரும் பக்கத்து மிட்டாய்க் கடைக்குள் போன பிறகு நீ வந்தாய். "நேதன் எங்கை? மீன் ஆறப்போகுது" என்றாய். "கார் எடுக்கப் போட்டார், மழை வரும்போல" என்றேன். நல்ல வேளையாக, அல்லது என் கெட்ட வேளையாக, மழையும் வந்தது. சிவநேசன் ஆட்கள் ஓடிவர, நேதனும் காரைக் கொண்டுவந்து நிறுத்த, மலர் அன்ரிக்குக் கால் ஏலாது என்று நீதான் அவர்களை மேலே பஸ் நிற்கும் இடத்தில் விடுவோம் என்றாய். நீ பின்னால் அவர்களோடு இருந்து லீட்ஸ் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாய். நான் முன்னால் நேதனுக்குப் பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நேதனை அவர்களுக்கு யாரென்று நீ சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குத்தான் காரணம். நான் சிநேகிதர் என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாய்.

நீ குடையோடு இறங்கி மலரைக் கைத்தாங்கலாகப் பஸ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சிவநேசன் பின்தங்கி, யன்னலுக்குள் கையை நீட்டினார். கையில் ஊர்ப்பெயர் எழுதிய அந்த இளஞ்சிவப்பு இனிப்புத் தடி ஒன்று. "இந்தாங்கோ, உங்கட ட்ரைவருக்கும் ஒண்டு குடுங்கோ. பாவம், மழைக்குள்ள எங்களையும் ஏத்திக்கொண்டு வந்தவர்" என்றார். நான் வாங்குவதற்கு முன் நேதனே கையை நீட்டி வாங்கினார். வாங்கிவிட்டுத் தமிழில் சொன்னார்.

"நன்றி, அங்கிள்."

சிவநேசன் பெரிதாகச் சிரித்தார். "அட! ட்ரைவருக்குத் தமிழும் பழக்கிப்போட்டியளே அண்ணை!" சிரித்துக்கொண்டே மழைக்குள் ஓடினார்.

காருக்குள் நானும் அவரும் மட்டும். மழைத்துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முன்னால் பார்த்தபடி, "கொஞ்சம்" என்றார், தமிழில். அவ்வளவுதான். கொத்துரொட்டிக்கு அவர் ஏன் சிரித்தார் என்று அப்போது விளங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். நீ கதவைத் திறந்து ஏறினாய். "பாவம் மலர் அன்ரி, நல்லா நனைஞ்சிட்டா" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். வீடுவரைக்கும் நித்திரை கொள்வதாக நடித்தேன். நேதன் ஹீற்றரைக் கூட்டி என் பக்கம் திருப்பிவிட்டார். மூடிய கண்ணுக்குள் இருந்தபடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் டாக்சி ஓடியவன். அந்த வேலையில்தான் உன்னைப் படிப்பித்தேன். கலியாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் 'ட்ரான்ஸ்போர்ட்டில' என்று சொல்லி நழுவுவேன். ஆனால் நீ நாலாம் வகுப்பில் என் டாக்சியின் படத்தைப் பெரிதாகக் கீறி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுந்து நின்று, என்னுடைய அப்பாவுக்கு இந்த நகரத்தில் தெரியாத வீதி இல்லை என்று சொன்னதாக உன் ரீச்சர் என்னிடம் சொன்னார். அன்று நான் பார்க்கிங்கில் காருக்குள் இருந்து அழுதேன். அப்படிப்பட்ட நான், ஒரு மனிதரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதற்கு என் சொந்தத் தொழிலின் பெயரையே எடுத்தேன். நேதனை மட்டுமா இழிவுபடுத்தினேன்? நீ உன் கையால் கீறிய அந்தப் படத்தையும்தான்.

நான் திரும்பும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம், "நல்ல பொடியன், பிள்ளை. எனக்குச் சம்மதம்" என்று சொன்னேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். அந்தச் சம்மதம் மனதார வந்ததுதான். ஆனால் அது வந்த வழி குற்ற உணர்வு. உன் கண்ணீர் என் தோளில் பட்டபோது, திருடிய பொருளைப் பரிசாக வாங்கிக்கொள்கிறவன்போல நின்றேன். நேதன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு இங்கே அஜின்கோர்ட்டில் கலியாண மண்டபம் எடுத்தோம். போன கிழமை நீ போனில், "சிவநேசன் அங்கிளை மறந்திடாதேங்கோ அப்பா, ஸ்காபரோவில கண்டனாங்கள் எல்லோ" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம்தான். மணவறையில் இருக்கும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சிவநேசன் என்ன சொல்வார் என்ற பயம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நல்ல மனச்சாட்சி என்னை எழுப்பி இதை எழுத வைத்தது என்று நினைத்துவிடாதே. பிடிபடப்போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனச்சாட்சியே வேலை செய்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் புட்டு அவித்துக்கொண்டு நின்றாள். அடுப்பை நிற்பாட்டினாள். சத்தம் போடவில்லை. "அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரேக்கை எந்த முகத்தோடை நான் சாப்பாடு போடுறது?" என்று கேட்டாள். கையைத் துடைத்துவிட்டு, "முதல் போய் அந்த மனிசனிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு என்னோடை கதையுங்கோ" என்றாள்.

மில்லிக்கனுக்குப் போனேன். சிவநேசன் என்னை இருத்தினார், மலர் தேத்தண்ணி தந்தாள். குடிக்காமலே சொன்னேன். "அண்டைக்கு இங்கிலாந்தில கார் ஓடினவர் ட்ரைவர் இல்லை. என்ர மகள் கட்டப்போறவர். நான் பொய் சொன்னனான்." சிவநேசன் சிரிப்பார், அல்லது குத்தலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, நான் அந்தப் பிள்ளைக்கு யன்னலுக்குள்ளால மிட்டாய் குடுத்தனான்" என்றார். "ட்ரைவருக்குத் தமிழும் பழக்கிப்போட்டியளே எண்டு பகிடி விட்டனான். உங்கட மருமகனை. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் கை குடுத்திருப்பன். உங்கட வெக்கத்துக்குள்ள என்னையும் ஏன் அண்ணை இழுத்து விட்டனீங்கள்?"

இந்த மனிதரின் வாய்க்குப் பயந்துதான் நான் பொய் சொன்னேன். அந்த வாயோ இப்படிக் கேட்கிறது. நான் ஊருக்குப் பயப்படுகிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், மகள். ஊர் கெட்டதோ நல்லதோ, அதைக் கேட்டுப் பார்க்காமலே என் மனதில் இருந்ததை ஊரின் வாயில் நானே வைத்திருந்தேன். உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி போய்விட்டது. இருந்தாலும் இதை மட்டும் சொல்கிறேன்: ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தோன்றும்போது, அப்படி நினைப்பது ஆட்களா நீயா என்று ஒருதரம் பார்.

வீட்டுக்கு வந்து நேதனுக்குப் போன் எடுத்தேன். உனக்கு முதல் அவரிடம் பேசியதற்கு மன்னித்துக்கொள். அடிபட்டவர் அவர். ஆங்கிலத்தில் தயார்செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தேடித் தேடித் தமிழில் சொன்னார். "நான் கோபம் இல்லை, அங்கிள். கவலை."

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னால், அவ உங்களோடை கதைக்க மாட்டா. அப்பா இல்லாமல் அவ கலியாணம் செய்ய எனக்கு விருப்பம் இல்லை" என்றார். அவர் மறைத்தது உன்னை ஏமாற்ற இல்லை, மகள். அதற்காக அவரோடு சண்டை பிடிக்காதே. சண்டை முழுவதும் எனக்குச் சேரவேண்டியது.

தமிழ் எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாக, உனக்கும் தெரியாமல், கணினியில் ஒரு தமிழ் ரீச்சரிடம் படித்தாராம். எனக்காகவும் அம்மாவுக்காகவும். அன்று கடற்கரை வாங்கில், நீ சாப்பாட்டு வரிசையில் நின்ற நேரம், என்னிடம் ஒன்றைத் தமிழில் கேட்பதற்காகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாராம். உன்னைக் கட்ட என் சம்மதம் கேட்கத்தான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"இப்ப கேளுங்கோ, தம்பி" என்றேன்.

"இப்ப வேண்டாம், அங்கிள்" என்றார். "முதல் நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன், மகள். மண்டபத்தில் நான் எங்கே இருக்கவேண்டும் என்பதை நீ தீர்மானி. மணவறையில் உன் கையைப் பிடித்துக் கொடு என்றாலும், கடைசி வரிசையில் போய் இரு என்றாலும், வராதே என்றாலும் அது சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா கூடாதா என்பதை நீயே நேதனுக்குச் சொல்லு. அவர் பாடமாக்கியதை மறந்துபோகவில்லையாம்.

அப்பா